அருள்மலர் வீட்டுப் பள்ளத்தாக்கு

சென்ற ஒக்டோபர் பதினான்காம் திகதி காலை, அஜின்கோர்ட்டில் தனியே இருக்கும் எழுபத்திரண்டு வயது அருள்மலரின் பின்வளவில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. வேலிக்கு வேலி பதினெட்டு அடி அகலம், எண்ணூறு அடி ஆழம், சிவந்த பாறை, அடியில் மெல்லியதாய் ஓர் ஆறு. அயல்வீட்டார் குப்பைவாளியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

மூன்று நாள் முன்புதான் அவர் அமெரிக்கப் பாலைவனத்திலிருந்து திரும்பியிருந்தார். மகன் றெமிஜியஸும் மருமகள் அனோஜாவும் எட்டு நாள் கூட்டித் திரிந்து, கல் வளைவுகளையும் பாறையில் கீறிய ஆடுகளையும் காட்டினார்கள். மலையிடுக்கில் கட்டிய பழைய வீடுகளுக்கு முன்னால், அந்த வீட்டுக்காரரின் வழிவந்த வழிகாட்டி சொன்னதை அனோஜா தமிழில் சொன்னாள்: "எழுநூறு வருசமாம் மாமி. ஆனா கைவிட்ட வீடெண்டு சொல்லக்கூடாதாம். தங்கட ஆக்கள் இப்பவும் வந்து போறவையாம்." "பின்னை? வீட்டுக்காரர் இருக்கேக்க ஆர் உதைக் கைவிட்டதெண்டது?" என்றார் அருள்மலர். கடைசி நாள், அங்கே ஒரு பெரும் பள்ளத்தாக்கின் விளிம்பில் வைத்து, றெமிஜியஸ் வந்த காரியத்தைச் சொன்னான். "அம்மா, வீட்டை வித்துப்போட்டு எங்களோட பிக்கரிங்குக்கு வாங்கோ. உங்களுக்கெண்டு பேஸ்மென்ற் செய்து முடிச்சிட்டம்." "நிலத்துக்குக் கீழ போக எனக்கு இன்னும் நாள் கிடக்கு."

பள்ளத்தாக்கு வந்தபின் வீடு விலைபோகாது என்று அருள்மலர் நிம்மதியாக இருந்தார். றெமிஜியஸ் கூட்டிவந்த, வீடு விற்றுக் கொடுக்கும் கிறிஸ்துநாயகம் எட்டிப் பார்த்துவிட்டு, "அன்ரி, உந்த வியூவுக்கு இன்னும் கூடக் கேக்கலாம்," என்றார். ஞாயிறு பூசை முடிய, வீடு வாங்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அருள்மலர் முன்கதவை மறித்து நின்றார். "பாக்கிறதெண்டால் பாருங்கோ. விக்கிறதுக்கில்லை." றெமிஜியஸ் கெஞ்சினான். "ஒரு கிழமை வந்து இருந்து பாருங்கோவன்." "ஒரு நாள் மட்டும் வாறன்," என்று அன்றிரவு அங்கே போய்ப் படுத்தார் அவர்.

மறுநாள் காலை பிக்கரிங் பேஸ்மென்றின் புதுத் தளத்தில் கையளவு வெடிப்பு இருந்தது. உள்ளிருந்து செம்மணலும் பருந்துச் சத்தமும் வந்தன. அஜின்கோர்ட்டில் பள்ளம் கையளவு ஒடுங்கிவிட்டதாக அயலார் போன் எடுத்துச் சொன்னார்கள். "நான் இருக்கிற இடத்திலதான் அதுவும் இருக்கும்போல. இருக்கட்டோ?" என்று தேத்தண்ணியை ஊதியபடி கேட்டார் அருள்மலர். றெமிஜியஸ் காலைச் சாப்பாட்டுக்கு முன்னரே அவரைக் காரில் ஏற்றினான்.

ஊரெல்லாம் பனி கொட்டும் தை மாதத்திலும் அருள்மலரின் பின்வளவில் பாலைவன வெயில்தான். மோர்மிளகாய் காயவைக்க அஜின்கோர்ட் ஆட்கள் சுளகுகளோடும் தட்டுகளோடும் வருகிறார்கள். "காத்தடிக்கும், கல்லு வையுங்கோ," என்கிறார் அருள்மலர். கல்லுக்கு அங்கே குறைவில்லை.