மஹ்ரூபின் கை

றலியா மௌத்தாகி நாற்பதாம் நாள். குர்ஆன் கத்தம் ஓதி முடிந்து, கட்டுகலை வீட்டு விறாந்தையில் சோற்றுச் சஹன்களைச் சுற்றி ஆறு ஆறு பேராக உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய கணவர் மஹ்ரூபுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. வந்தவர்கள் மௌத்தானவளை நல்லவள், அடக்கமானவள், வெளிவாசல் காணாதவள் என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டு, மஹ்ரூபின் கையைப் புகழத் தொடங்கியிருந்தார்கள்.

அந்தக் கை கண்டியில் பேர் போனது. ஒருவன் எதையாவது இறுக்கிப் பிடித்தால் "மஹ்ரூப்ட கை" என்பார்கள். புடவைக் கடை பாயிஸ் நூறாவது தடவையாகக் கதையை எடுத்தார். ஒன்பது வருடத்துக்கு முன், அக்குறணையில் ஒரு கலியாணத்துக்குப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு மஹ்ரூபின் குதிரை வண்டி திரும்பி வருகிறது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் குளித்த யானையொன்று திடீரென்று கரையேறி வீதிக்கு வந்தது. குதிரை மிரண்டு ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. ஒரு சாண் தூரம் மிச்சமிருக்க வண்டி நின்றது.

"உள்ளுக்கு என்ட உம்மாவும் ஈந்தா" என்றார் பாயிஸ். "அல்லாஹ்வுக்குப் பிறகு அந்தக் கைதான்."

சுவரில் வெள்ளிப் பூண் போட்ட சவுக்கு தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் சேர்ந்து அந்தக் கைக்குக் கொடுத்த பரிசு.

உண்மையைச் சொன்னால், அந்தக் கை ஒரு குதிரையையும் ஓட்டியதில்லை. சின்ன வயதில் விலாவில் வாங்கிய ஓர் உதையோடு மஹ்ரூபுக்குக் குதிரை என்றாலே குலை நடுக்கம். ஆனால் பெண் எடுத்தது குதிரைக்காரர் வீட்டில். றலியா லாயத்தில் வளர்ந்தவள். பெரியபிள்ளையாகி வீட்டுக்குள் வைத்த பிறகும், குதிரைகள் தண்ணீருக்குப் போகும் வழியில் அவளுடைய யன்னலில் மூக்கை நீட்டிவிட்டுத்தான் போகுமாம். கொள்ளைத் தானே ஊறவைத்து, மோந்து பார்த்துத்தான் கொடுப்பாள். குளம்புச் சத்தத்திலேயே எந்தக் காலில் நோவென்று சொல்லிவிடுவாள். பிள்ளை இல்லாத குறையைக் கூட அவள் குதிரையிடம்தான் சொல்லி அழுதாள், புருஷனிடம் அல்ல.

வாப்பா மௌத்தானபோது வண்டியும் குதிரையும் அவளுக்கு வந்தன. விற்போம் என்றார் மஹ்ரூப்.

"நீங்க முன்னுக்கு ஈங்க. நான் திரைக்குப் பின்னால ஈந்து ஓட்டுறன்" என்றாள் அவள்.

அப்படியே நடந்தது. அந்நியர் கண்ணில் படாத கோஷாப் பெண்களை ஏற்றிப்போகும் வண்டி. திரைச்சீலை இல்லாமல் ஓடாது. சீலையின் பூவேலைக்குள் கண்ணளவு ஒரு கிழிசல். கீழே இரண்டு துளைகள். கடிவாள வார்கள் மஹ்ரூபின் நீளக் கோட்டுக்கடியில் இடுப்பின் இரு பக்கமும் ஓடி, அந்தத் துளைகள் வழியாக அவள் கைக்குப் போகும். அவர் முன்னால் துருக்கித் தொப்பியோடு நிமிர்ந்து உட்கார்ந்து, வாரின் நடுவைச் சும்மா பிடித்திருப்பார். பெண்டாட்டி இல்லாமல் வண்டி எடுக்கமாட்டான், முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள் என்று ஊர் கேலி செய்தது.

உள்ளே இருக்கும் பெண்களுக்குத் தெரியாதா என்று அவர் ஒருமுறை கேட்டார். "ஒங்களுக்குத் தோள் நோவு, ஒத்தாசைக்கு வாரைப் பிடிக்கிறன் எண்டு செல்லி வச்சீக்கிறன்" என்றாள் றலியா. நம்புகிறார்களா என்று அவர் பிறகு கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

சவுக்கு வீட்டுக்கு வந்த நாளில் அவள் அதைக் கையில் வாங்கிப் பூணைத் தடவிப் பார்த்தாள்.

"இது ஆருக்கு?"

"நமக்குத்தான் புள்ள" என்றார்.

அவள் அதைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் அதைத் தொட்டதேயில்லை. நாற்பது நாளாக மஹ்ரூபை அறுத்துக்கொண்டிருந்தது அதுதான். காய்ச்சலில் கிடந்தபோதும் அவள் கடைசியாகச் சொன்னது, "மர்ஜான்ட வலது முன்கால் லாடம் ஆடுது, பாருங்க" என்பது. மர்ஜான் அவளுடைய மூன்றாவது குதிரை.

பாயிஸ் கதையை முடித்துவிட்டு, "என்ட மகன்ட கலியாணத்துக்கு நீங்கதான் மாப்பிள்ளையக் கொண்டு போகணும் மஹ்ரூப் நானா" என்றார்.

தப்பிக்க வழி பக்கத்திலேயே இருந்தது. அவள் போன பிறகு இனி வாரைத் தொடமாட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மனைவிக்காகக் குதிரையையே விட்டவர் என்று ஊர் இன்னும் தூக்கி வைத்திருக்கும். வாய் வரைக்கும் வந்த அந்தச் சொல்லை நினைத்து மஹ்ரூபுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. மௌத்தானவளிடமும் திருடுவதா?

எழுந்தார். "நான் ஒருநாளும் வண்டி ஓட்டினதில்ல. ஓட்டினது அவ. பாலத்துல பிடிச்சதும் அவதான்."

பாயிஸ் மெதுவாக அவருடைய கையைப் பிடித்தார். "மனசு கலங்கி ஈக்கிது. ஒக்காருங்க நானா."

"கலங்கல்ல. வாங்க, காட்டுறன்."

லாயத்தில் வீரையா இருந்தான். றலியாவின் வாப்பா காலத்திலிருந்து குதிரைக்குப் புல்லறுத்து வண்டி பூட்டுகிறவன், எல்லாம் அறிந்தவன்.

"வேணாங்க மொதலாளி. அம்மா போனதுலருந்து அது யாருக்கும் மசியல" என்றான்.

"பூட்டு."

தெருவே வந்து நின்றது. மஹ்ரூப் முதல்முறையாக வாரை முழுதாகக் கையில் எடுத்தார். மர்ஜான் தலையைத் திருப்பி, அவரைத் தாண்டித் திரைச்சீலையைப் பார்த்தது. அவர் வாரை உதறினார். அது பின்னால் நகர்ந்தது. கூப்பிட்டார். இன்னும் பின்னால் போனது. வண்டிச் சில்லு தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் இறங்க, வண்டி சரிந்து, மஹ்ரூப் தொப்பி ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாகச் சேற்றில் விழுந்தார். யாரோ சிரித்தார்கள். வீரையா ஓடிவந்து குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"குதிரைக்கும் எசமாட்டி போன கவலதான்" என்று பாயிஸ் அவரைத் தூக்கிவிட்டார். "அதுக்காக ஒங்கட கை பொய்யாகுமா?"

விழுந்தும் பயனில்லை. அவர்கள் நம்பவில்லை. மஹ்ரூப் சேற்றோடு விறாந்தைப் படியில் உட்கார்ந்து விம்மினார்.

அப்போது உள்வீட்டு வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ஹவ்வா உம்மாவின் குரல் கேட்டது. பாயிஸின் தாய், எழுபது வயது.

"பாயிஸ், மனிசன் செல்லுறத நம்பு. அண்டைக்கு நான் அவள்ட பக்கத்துல ஈந்தேன். ஒரு காலப் பலகையில, மத்தக் கால என்ட தொடையில ஊண்டிக்கொண்டு இழுத்தா. கைத்தோல் உரிஞ்சி வாரெல்லாம் ரெத்தம்."

"அப்ப ஏன் உம்மா இவ்வளவு காலம் செல்லல்ல?"

"நான் மட்டுமா? இஞ்ச ஈக்கிற எல்லாப் பொம்புளயளுக்கும் தெரியும். அவதான் எங்களக் கெஞ்சிக் கேட்டா. 'நீங்க நம்பின மாதிரி ஈங்க. இல்லாட்டி அவர்ட முகம் வாடிப்போகும்' எண்டு."

தன் முகம் வாடாமலிருக்க இத்தனை பெண்கள் இத்தனை வருடம் வாயைக் கட்டியிருந்தார்கள் என்பது மஹ்ரூபுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவர் எழுந்து சுவரிலிருந்த சவுக்கைக் கழற்றினார். வாசலடிக்குப் போய், திரைக்கு இந்தப் பக்கம் நின்று அதை நீட்டினார்.

"இது ஆருக்கு?" என்றது கிழவியின் குரல்.

மனைவியின் பெயரை அந்நிய ஆண்கள் முன் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை.

"றலியாவுக்கு" என்றார், தெருவுக்கும் கேட்கும்படி.

திரைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து சவுக்கை வாங்கிக்கொண்டது.