நானூறு கக்கூஸ், ஆறு லாரி, ஒரு நேர்காணல்

ரோவீனா பிளேக்மோர் பதினோரு வருடமாக ஸ்டாக்டனில் பிக்ஸ்பி பிரதர்ஸ் கம்பெனிக்கு மென்பொருள் எழுதிவந்தாள். பிக்ஸ்பி பிரதர்ஸ் வாடகைக்கு விடுவது நடமாடும் கழிப்பறைகள். எந்த நீலப் பெட்டியைக் கழுவ எந்த லாரி எப்போது போக வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் எழுதிய புரோகிராம்தான். விருந்துகளில் அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று விசாரிப்பவர்கள், பதிலைக் கேட்டதும் கையிலிருக்கும் தட்டோடு இரண்டு மைல் தள்ளிப்போய் நிற்பார்கள். அக்கா புருஷன் கிளென் மட்டும் பக்கத்திலேயே நின்று, "நம்ம கக்கூஸ் இன்ஜினியர்" என்று ஊருக்கே அறிமுகப்படுத்துவான்.

அதனால்தான் நார்த்லூம் என்ற பெரிய மென்பொருள் கம்பெனி என்றால் அவளுக்கு அப்படி ஓர் ஏக்கம். அந்தப் பெயர் போட்ட சட்டையோடு, அந்தக் கம்பெனி இருக்கும் மவுன்டன் வியூ தெருவில் நடந்தால் சிவப்பு விளக்கே வெட்கப்பட்டுப் பச்சையாகும். அங்கே ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவது முறையும் தோற்றவர்கள் அதன்பிறகு விண்ணப்பிக்கவே முடியாது என்பது அந்தக் கம்பெனியின் சட்டம். அன்று மூன்றாவது முறை.

வரவேற்பறைப் பெண் அவளை ஏழாம் எண் கண்ணாடி அறைக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடம் கழித்து, நார்த்லூமுக்குப் போட்டியான கம்பெனியிலிருந்து வேலை கேட்டு வந்த வெஸ்லி டுவாங் என்ற இளைஞனையும் கவனப்பிசகாக அதே அறைக்கு அனுப்பிவிட்டாள். ரோவீனாவின் நரைத்த முடியைப் பார்த்ததும், கேள்வி கேட்கப்போவது இவர்தான் என்று அவன் முடிவுகட்டினான். அவனுடைய ரப்பர் செருப்பைப் பார்த்து அவளும் அதே முடிவுக்கு வந்தாள். வேலை கேட்டு வருகிறவன் எவனாவது செருப்போடு வருவானா?

இருவரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். அந்த மௌனத்தில் ஒரு கோழி முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சும் பொரித்திருக்கும்.

கடைசியில் வெஸ்லிதான் வாயைத் திறந்தான். "ஏதாவது ஒரு பிரச்சினை சொல்லுங்களேன், போர்டுல போட்டுப் பாத்துடலாம்."

கேள்வியையும் நாமே கொண்டுவர வேண்டும்போல, இது நார்த்லூமின் புதுக் கிறுக்கு என்று ரோவீனா எண்ணிக்கொண்டாள். தன் வேலையில் நிஜமாகவே இருந்த தலைவலியைச் சொன்னாள்: இசை விழா, கொட்டும் மழை, நானூறு பெட்டி, ஆறு லாரி. எதை முதலில் காலி செய்வது?

வெஸ்லி பலகை முழுக்க வட்டமும் அம்புமாக வரைந்து தள்ளினான். விண்கலம் அனுப்பக்கூட அவ்வளவு அம்பு தேவைப்படாது.

"எல்லாம் சரிதான். லாரி சேத்துல மாட்டிக்கிட்டா?" என்றாள் ரோவீனா.

அவன் பாதிப் பலகையை அழித்தான். பிறகு அசல் வேலை தொடங்கியது. அவன் முடித்ததும், தன் ஆபீஸில் நாற்பது பேர் ஆறு மாதமாக முட்டிக்கொண்டிருந்த சிக்கலை அவளிடம் சொன்னான். அவள் அதை மூன்று வரியில் முடித்துவைத்தாள். கைகுலுக்கி, முடிவைச் சொல்லியனுப்பும்படி ஒருவரையொருவர் பணிவாகக் கேட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

மறுநாளே நார்த்லூமிலிருந்து ஒரு பெண் போன் செய்து, மன்னிக்கவும், தேறவில்லை என்றாள். ஏன் என்று கேட்டாள் ரோவீனா. புரோகிராம் எழுதுபவர்கள் 'மரம்' என்று சொல்லும் கிளைப்படத்தைத் தலைகீழாகத் திருப்பும் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டதுதான் காரணமாம்.

"மரமா?" என்றாள் ரோவீனா. "எங்கிட்ட மரம், செடி, கொடின்னு யாரும் எதுவும் கேக்கலயே?"

விஷயம் ஆளெடுப்புத் தலைவர் ஹார்லன் வாஸிடம் போனது. அவர் தோண்டத் தோண்டப் பூதம் கிளம்பியது. அவளுக்கொருவர், வெஸ்லிக்கொருவர் என்று வந்த உண்மையான கேள்வியாளர்கள் இருவரையும் அதே வரவேற்பறைப் பெண் பக்கத்து எட்டாம் எண் அறைக்கு அனுப்பியிருக்கிறாள். வேறு வேறு கட்டடத்துக்காரர்கள். நாற்பதாயிரம் பேரில் யாருக்கு யாரைத் தெரியும்? எதிரில் இருப்பவர்தான் வேலை கேட்டு வந்தவர் என்று இருவரும் நம்பி, ஒரு மணி நேரம் ஒருவரையொருவர் வறுத்தெடுத்து, படிவத்தில் ஆளுக்கொரு 'வேண்டாம்' எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த இரண்டு 'வேண்டாம்'களும் ரோவீனா, வெஸ்லி பெயர்களில் ஏறிவிட்டன.

ஹார்லன் இருவரையும் வரவழைத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே, இன்னொரு தேதியில் முறைப்படி நடத்திவிடலாம் என்றார்.

"எதுக்கு இன்னொரு தடவ?" என்றாள் ரோவீனா. "நான் இவர இன்டர்வியூ பண்ணிட்டேன், எடுத்துக்கலாம். இவரும் என்னைய இன்டர்வியூ பண்ணிட்டாரு. ஃபெயிலானது உங்க ஆளுங்க ரெண்டு பேருதான்."

ஹார்லன் அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டினார். பிக்ஸ்பி பிரதர்ஸ் என்ற இடத்தில் அவர் மூக்கு லேசாகச் சுருங்கியது. வெஸ்லி அதைப் பார்த்துவிட்டான்.

"சார், எங்க கம்பெனி பேரச் சொன்னா நீங்களே எந்திரிச்சு நிப்பீங்க. ஆனா லாரி சேத்துல மாட்டும்னு அங்க ஒருத்தருக்கும் தோணாது. இவங்களுக்குப் பக்கத்து சீட்டுன்னா நாளைக்கே வர்றேன். இல்லன்னா இருக்கற இடத்துலயே இருந்துக்கறேன்."

ஹார்லனுக்கு வேறு வழியில்லை. ஒருவரைப் பிடித்தால்தான் இன்னொருவர் கிடைப்பார். ரோவீனா கேட்டிருந்த பதவிக்கு இரண்டு படி மேலே போட்டு, அங்கேயே கடிதம் அடித்துக் கையெழுத்தும் போட்டார்.

அவள் காரின் ஹாரனை அழுத்திய கையை எடுக்காமலே ஸ்டாக்டன் திரும்பினாள். அன்று வழியிலிருந்த ஆல்டமான்ட் மலையில் காற்றாலைகள் அத்தனையும் காற்றே இல்லாமல் அந்தச் சத்தத்திலேயே சுற்றின.