காலிப் படம்

தனியாக விட்டிருந்தால் நான் பாட்டுக்குப் போய், எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, நான் பாட்டுக்குத் திரும்பி வந்திருப்பேன். விட்டால்தானே. கல்யாண ஆர்டர் வந்தால் ஸ்டாண்டையும் லைட்டையும் சுமந்துகொண்டு எந்த ஊர் மண்டபத்திலும் எந்த நேரத்திலும் நிற்பதற்கு நான் வேண்டும். அப்போதெல்லாம் நான் பெண்பிள்ளை என்பது யாருக்கும் நினைவுக்கு வராது. எனக்கென்று ஒரு வேலை வந்து, ஒரு ராத்திரி வெளியூரில் தங்க வேண்டும் என்றதும் என் அண்ணனுக்கு அக்கறை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "பாப்பாவ எப்படித் தனியா அனுப்புறது?" என்றான். பாப்பாவுக்கு முன்னந்தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது, அதை யார் அவனுக்குச் சொல்வது.

நாங்கள் நடத்துவது ஒரு போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூட அடையாள அட்டை, கல்யாணம், பிறந்தநாள். நாங்கள் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். போர்டில் அண்ணன் பெயர். நான் எடுத்த கல்யாணப் படங்களின் ஓரத்திலும் அவன் பெயர்தான் விழும். இதுவரை என் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு தடவை. அவனுடைய கல்யாணப் பத்திரிகையில், வரவேற்கிறவர்களின் வரிசையில் கடைசியாக, பொடி எழுத்தில்.

அந்த வேலை வந்ததும் கடையில்தான். பதிப்பகம் நடத்தும் அம்மா ஒருவர் பாஸ்போர்ட் படத்துக்கு வந்திருந்தார். கம்ப்யூட்டருக்குப் பின்னால் சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த ஒரு படம் அவர் கண்ணில் பட்டது. எதிர்க் கட்டடத்தின் வெளிப்படிக்கட்டு, மழை விட்ட கையோடு எடுத்தது, வேறு ஒன்றுமில்லை அதில். யார் எடுத்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டு, "எல்லாம் நம்ம கடை எடுத்ததுதாங்க" என்றான். கடை எடுக்குமா? கடைக்குக் கையும் கண்ணுமா இருக்கிறது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல வேளையாக அந்த அம்மா விவரமானவர். போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, நீங்கள்தானே என்று கேட்டார்.

ஒரு பழைய நகரத்தைப் பற்றிப் புத்தகம் போடுகிறார். கோட்டை வாசல், மணிக்கூண்டு, கல் பாவிய சந்துகள், படிக்கட்டுகள். ஏற்கெனவே ஒருவர் எடுத்துக் கொடுத்த படங்களில் சுற்றுலா வந்தவர்கள்தான் தெரிந்தார்களாம், ஊர் தெரியவில்லையாம். அதனால் ஒரு படத்திலும் மனுஷர்கள் இருக்கக்கூடாது என்றார். ஒரு ஆள் உள்ளே வந்துவிட்டால் பார்ப்பவர்கள் ஆளைத்தான் பார்ப்பார்கள், கல்லைப் பார்க்க மாட்டார்கள் என்றார். செவ்வாய்க்கிழமை படங்கள் கைக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான், அச்சகம் காத்திருக்கிறது. புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே 'படங்கள்' என்று போட்டு என் பெயர் வரும். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை எங்களுக்கு ஒரு கல்யாணம் இருந்தது. ஆகவே சனிக்கிழமை போய், ஞாயிறு விடியற்காலை எடுத்து, சாயங்காலப் பஸ்ஸில் திரும்புவது என்று ஏற்பாடு. அண்ணன் வந்தான், அண்ணியையும் கூட்டிக்கொண்டான். கடையின் மற்ற மெமரி கார்டுகளைக் கல்யாணத்துக்கென்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரே ஒரு கார்டை மட்டும் என்னிடம் கொடுத்தான். ஊரில் கால் வைத்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, காரை பெயர்ந்து கிடக்கிறதே, இதற்கா ஒரு புத்தகம் என்பது. அதற்கப்புறம் வாசலுக்கு வாசல் அண்ணியை நிறுத்தினான். மோவாயை இறக்கு, தோளை நேராக வை, காது தெரியட்டும் என்று கோட்டை முன்னாலும் பாஸ்போர்ட் படமே எடுத்தான். நான் அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன், எனக்கு ஆள் இல்லாத ஊர் வேண்டும், அதனால் விடிவதற்கு முன்னால் போகிறேன் என்று. போ, போ என்று போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

காலையில் அண்ணி கூட வந்தாள். தூக்கம் வரவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றாள், சொன்னபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்தும் இருந்தாள். வெளிச்சம் முதலில் கோட்டை வாசலின் அடிக்கல்லில்தான் விழுந்தது. பிறகு கதவில் பதித்த ஆணி ஆணியாக மேலே ஏறியது. சந்துக்குள் படிகள் நடுவில் தேய்ந்து பள்ளமாகிப் பால்கிண்ணம் மாதிரி இருந்தன, அந்தப் பள்ளங்களில் மட்டும் வெளிச்சம் தேங்கி நின்றது. மணிக்கூண்டுத் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாம் எனக்காகவே காலி செய்து வைத்தது போல் இருந்தது. நான் ஓடினேன், படுத்தேன், சுவரில் ஏறினேன், முட்டி சிராய்த்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலை செய்யும்போது அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு அண்ணி எழுந்து வந்து, கேமராவைக் கொடு, உன்னை ஒன்று எடுக்கிறேன் என்றாள். வேண்டாமென்றேன். அவள் விடவில்லை. வாசல் வளைவுக்குக் கீழே, புழுதி பிடித்த பேண்ட்டும் கலைந்த தலையுமாக நின்றேன். எடுத்துவிட்டு அவளே ஒரு தரம் பார்த்து, நன்றாயிருக்கிறாய் என்றாள்.

லாட்ஜுக்கு வந்து படுத்ததுதான் தெரியும். எழுந்தபோது அண்ணனும் அண்ணியும் ஊர் சுற்றிவிட்டு வந்திருந்தார்கள், கேமரா அண்ணன் கழுத்தில் தொங்கியது. சும்மா கிடந்ததே என்று எடுத்துப் போனானாம். பக்கத்தில் இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். சாப்பாடு வரும்வரை காலைப் படங்களை இன்னொரு தரம் பார்க்கலாம் என்று வாங்கிப் பார்த்தேன். மணிக்கூண்டின் உச்சியில் அண்ணி. கீழே அண்ணி. அண்ணி தண்ணீர் குடிக்கிற வீடியோ, அண்ணி படி இறங்குகிற வீடியோ. பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். நேற்றுச் சாயங்காலத்து அண்ணி வந்தாள். நடுவில் என் விடியற்காலையைக் காணோம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் உட்காருவதற்கு முன், லைட் சரியாக விழுகிறதா என்று வெறும் ஸ்டூலையும் நீலத் திரையையும் ஒரு தரம் எடுத்துப் பார்ப்போம். அதற்குப் பெயர் காலி. சாயங்காலம் ஷட்டரை இறக்குவதற்கு முன், "காலியெல்லாம் அழிச்சாச்சா?" என்று அண்ணன் கேட்காத நாள் இல்லை. ஆள் இல்லாத படம் என்றால் அவனுக்குக் குப்பை, அவ்வளவுதான்.

எங்கே என்று கேட்டேன். அவன் எனக்கு ஏதோ உபகாரம் செய்த மாதிரி மலர்ந்த முகத்தோடு சொன்னான்.

"கார்டு ஃபுல்லுன்னு காட்டுச்சு. பார்த்தா ஒண்ணுலயும் ஆளக் காணோம். காலிய அழிக்காமலே தூங்கிட்டியேன்னு நானே உக்காந்து ஒண்ணொண்ணா அழிச்சேன். விரலே வலிக்குது."

"அண்ணா, அதுதான் படம்."

"எது படம்?"

"நீ அழிச்சது."

ஊர் முழித்த பிறகுதானே எடுப்பாய், அதற்கு லைட் பார்த்து வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன் என்றான். நேற்று முழுக்கச் சொன்னேனே என்று கேட்டேன். சொன்னாய், நான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்றான். சாப்பாடு வந்தது. அவன் பிசைய ஆரம்பித்தான். அழித்த படங்களை மீட்க வழி இருக்கிறது, ஆனால் அந்தக் கார்டில் அப்புறம் எதையும் பதியாமல் இருந்திருக்க வேண்டும். இந்தப் புண்ணியவான் அழித்த கையோடு அதை விளிம்பு வரைக்கும் வீடியோவால் ரொப்பி வைத்திருந்தான். இனி எவன் வந்தாலும் மீட்க முடியாது. எனக்கு அந்தத் தட்டைத் தூக்கி அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது. வெளியே தெருவெங்கும் குடையும் தொப்பியும் குச்சியில் மாட்டிய போனுமாக ஜனம் நெரிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கல்லைக்கூடத் தனியாக எடுக்க முடியாது.

வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று பேசினேன். அவன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டே, ஆள் இருக்கிற படம் ஒன்றையும் தொடவில்லை, எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று எனக்கே சமாதானம் சொன்னான்.

அப்போதுதான் அண்ணி கேமராவை என் கையிலிருந்து வாங்கினாள். முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"காலைல நான் இவள ஒண்ணு எடுத்தேனே, வளைவுக்குக் கீழ நிக்கிற மாதிரி. அது எங்க?"

"அதுவா? அதுல இவ மட்டும்தானே இருந்தா."

"ஆமா. அத ஏன் அழிச்சீங்க?"

"அதுவும் காலிதானே" என்றான் அண்ணன்.

அண்ணிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. லைட் படுத்தும் நாட்களில் வெறும் ஸ்டூலை எடுத்தால் முகத்தில் நிழல் எப்படி விழும் என்று தெரியாது. அப்போது நான் போய் உட்காருவேன். அண்ணன் எடுப்பான், பார்ப்பான், லைட்டை நகர்த்துவான், மறுபடியும் எடுப்பான். அதற்கும் காலி என்றுதான் பெயர். சாயங்காலம் ஸ்டூலோடு சேர்த்து என்னையும் அழிப்போம். பல நாள் நானே அழித்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் எனக்கு அது உறைக்கவில்லை. அவனும் குத்திக்காட்ட வேண்டுமென்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். அவன் யோசிக்கவே இல்லை. கேமராவில் என் மூஞ்சியைப் பார்த்தான், விரல் தானாகப் போய் அழித்துவிட்டது.

நான் விளக்கிச் சொன்னதும் அண்ணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "அவ ஆள் இல்லையா?" என்று கேட்டாள்.

கடையில் சொல்கிற பேச்சுதானே, இதைப் போய்ப் பெரிதாக்குகிறீர்களே என்று அண்ணன் சலித்துக்கொண்டான். மோர் கேட்டு வாங்கிக் குடித்தான், கேமராவை எடுத்து மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டான். நான் எழுந்து கை கழுவப் போனேன். நான் அடங்கிவிட்டதாக அவன் நினைத்திருக்க வேண்டும், அந்த அம்மாவிடம் தானே போன் பண்ணிப் பேசுவதாகவும், வேறு ஏதாவது நல்ல படம் கொடுத்துச் சரிக்கட்டலாம் என்றும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

பஸ் நிலையத்தில் அவர்கள் பைகளை ஏற்றினேன். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அண்ணன் படியில் கால் வைத்தான். நான் அவன் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினேன். கழற்றினேன் என்ன, பிடுங்கினேன்.

"நான் வரல. நாளைக்குக் காலைல மறுபடி எடுத்துட்டு வரேன்."

"நாளைக்குக் கல்யாணம் இருக்கு பாப்பா."

"எனக்குத் தெரியும்."

பீரோவில் பழைய கேமரா இருக்கிறது, மேலே தட்டினால் ஃப்ளாஷ் எரியும் என்றேன். அதை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தை எப்படி எடுப்பது என்று கேட்டான். லைட்டை யார் பார்ப்பது, பெண் வீட்டுக்காரர்களை யார் வரிசைப்படுத்துவது, சாப்பாட்டுப் பந்தியை யார் எடுப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டான். அத்தனையும் நான் செய்கிற வேலை. இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தப் பட்டியலை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கடைதானே எடுக்கும். கடைய எடுக்கச் சொல்லு."

அவன் முகம் செத்துவிட்டது. கண்டக்டர் ஏறு, இல்லை இறங்கு என்று சத்தம் போட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், ஏறிவிட்டான். அண்ணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளை ஒரு தரம் அழுத்தினாள். பஸ் கிளம்பியது. போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அணைத்துப் பைக்குள் போட்டேன். நடக்க நடக்கவே கார்டிலிருந்த வீடியோ எல்லாவற்றையும் அழித்தேன், அண்ணி மன்னிக்கட்டும்.

லாட்ஜில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையைக் குனிந்து போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். ரூம் வேண்டும் என்றேன்.

"எத்தனை ஆள்?" என்று நிமிராமலே கேட்டார்.

"ஒரு ஆள்" என்றேன்.

தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்த்தார். விடிவதற்கு முன்னால் வாசல் கதவைத் திறந்து விட வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.