சாத்திய கதவுப் பாட்டு

லிஃப்டுக்குள் சவப்பெட்டி நுழையவில்லை. எப்படிச் சாய்த்துப் பார்த்தாலும் ஒரு சாண் இடித்தது. காலிப் பெட்டியை ஒருவழியாகப் படியில் ஏற்றிக் கொண்டுவந்த வண்டிக்காரர், ஆளோடு இறக்குவதற்கு நாலு பேர் வேண்டும் என்று சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேருக்கு எங்கடி போறது? உங்கப்பாவுக்கு இந்த ஊர்ல யாரைத் தெரியும்?" என்றாள் அம்மா.

மகளுக்கும் அதே பயம்தான். சலவைக் கடையில் துணி தேய்த்தே தலை நரைத்தவர் அப்பா. பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு ஊரின் மொழியில் அவருக்குத் தெரிந்தது 'நாளைக்கு வாங்க' ஒன்றுதான். வணக்கத்துக்கும் அதுதான், நன்றிக்கும் அதுதான். வேலை விட்டு வந்தால் படிக்கட்டில் உட்கார்ந்து மவுத் ஆர்கன் வாசிப்பார். அப்படிப்பட்ட மனிதரைத் தூக்க யார் வருவார்கள்?

அவள் தயங்கித் தயங்கி எதிர்வீட்டு பஸ் டிரைவரின் கதவைத் தட்டினாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினார். கொஞ்ச நேரத்தில் பேக்கரிக்காரர், பெயிண்டர், இரண்டாம் மாடி நர்ஸம்மா என்று மூன்று பேரோடு வந்தார். நால்வரும் நாலு தேசத்துக்காரர்கள். ஊர் மொழியை ஆளுக்கு அரைகுறையாகப் பேசுவார்கள்.

தலைமாடு தனக்குத்தான் என்றார் டிரைவர், பெரியவர் தன் நாட்டுக்காரராம். பேக்கரிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் அம்மா பாடிய பாட்டை வாசித்தவர் வேறு நாட்டுக்காரராக எப்படி இருக்க முடியும்? எங்கள் படகுப் பாட்டை வாசித்தாரே என்றார் நர்ஸம்மா. பெயிண்டரும் விட்டுக்கொடுக்கவில்லை.

மகளுக்கு மெல்லத்தான் புரிந்தது. படியேறும்போது அவரவர் முணுமுணுத்ததை அப்பா காதில் பிடித்துவைத்திருக்கிறார். பிறகு காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, அவரவருக்கு அவரவர் பாட்டு. இத்தனை பெரிய மனிதரோடா ஒரே வீட்டில் இருந்தோம்?

"என்னடி சண்டை?"

"எல்லாரும் அப்பாவை அவங்கவங்க ஊர்க்காரர்னு சொல்றாங்கம்மா."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாருக்கே. நம்ம ஊர்ப் பாட்டுன்னு ஒண்ணு உண்டு. அதை எனக்கு மட்டும்தான் வாசிப்பாரு, கதவைச் சாத்திட்டு."

பெட்டியைத் தூக்கினார்கள். முதல் திருப்பத்திலேயே அது ஒரு பக்கம் சாய்ந்தது. ஆளுக்கொரு மொழியில் கத்தியதில் யார் காலும் யார் காலோடும் சேரவில்லை. மகள் பதறிப்போய்க் கையை நீட்டினாள்.

அப்போது நர்ஸம்மா தணிந்த குரலில் ஒரு மெட்டை முனகத் தொடங்கினார். டிரைவர் சேர்ந்துகொண்டார், பிறகு மற்ற இருவரும். கால்கள் ஒன்றாக விழுந்தன, பெட்டி நேரானது. அது அந்த நாலு பேரில் யாருடைய நாட்டுப் பாட்டும் இல்லை. நால்வருக்கும் பொதுவாகத் தெரிந்தது, சாத்திய கதவைத் தாண்டிப் படிக்கட்டில் கேட்ட அது ஒன்றுதான்.

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா சுவரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்கள் கால் விழும்போது தானும் ஒரு காலை வைத்து இறங்கத் தொடங்கினாள்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.