நேர்ந்துவிட்ட சேவல்

அந்தச் சேவல் கூவும்போதெல்லாம், "சார் பாஸ், சார் பாஸ்" என்று அது ஊருக்குத் தண்டோரா போடுவதாகவே கலைச்செல்வி டீச்சருக்குத் தோன்றும். அதை ஒன்றும் செய்யவும் முடியாது. கருப்பனாருக்கு நேர்ந்துவிட்ட சேவல். அடிக்கக்கூடாது, விற்கக்கூடாது, பசியோடு விடக்கூடாது. வாசலில் தார்ப்பாயில் காயப்போட்ட மிளகைக் காலால் சீய்த்து நாலு பக்கமும் இறைத்தாலும், "போ சாமி, அந்தப் பக்கம் போ" என்று கெஞ்சத்தான் வேண்டும். நேர்ந்துவிட்டது வேறு யாருமில்லை, அவளேதான்.

எதற்காக நேர்ந்தாள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். தன் புருஷன் பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று.

கலைச்செல்வியும் அவள் கணவர் அர்த்தனாரியும் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அவளுக்கு வாழவந்தி நாட்டில் பள்ளிக்கூடம், அவருக்கு ஆலத்தூர் நாட்டில். இருவருக்கும் இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். வேலையில் இருப்பவர்களும் இனிமேல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று கோர்ட் தீர்ப்பு வந்தபோது மலையில் இருந்த வாத்தியார்களுக்கெல்லாம் தூக்கம் போயிற்று. கலைச்செல்விக்குப் போகவில்லை. படித்த காலத்தில் முதல் ரேங்க்குக்குக் கீழே இறங்காதவள் அவள். அவளுக்கிருந்த கவலையெல்லாம் அர்த்தனாரியைப் பற்றித்தான். மனுஷர் நல்லவர். பிள்ளைகளுக்கு அவரென்றால் உயிர். மிளகுக்கொடியை மரத்தில் ஏற்றிக் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கையில் புத்தகத்தைக் கொடுத்தால் மட்டும் பத்தாவது வரியில் குறட்டை விடுவார்.

அதனால் அவளே அவருக்கு வாத்தியார் ஆனாள். மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டே கேள்வி கேட்டாள். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவுகளிலும் கேட்டாள்.

"ஏனுங்க, நேத்துத்தானே இதைச் சொல்லிக்கொடுத்தேன்?"

"நேத்துச் சொன்னது நேத்தோட போச்சு புள்ள."

இந்த லட்சணத்தில் அவர் எங்கே தேறப்போகிறார் என்று பயந்துபோய், பரீட்சைக்கு முன்னால் கருப்பனார் கோயிலுக்குப் போய் நின்றாள். "இவரைக் கரையேத்திவிடு சாமி, உனக்குச் சேவல் கொண்டாறேன். என்னை நான் பாத்துக்கறேன்" என்று வேண்டிக்கொண்டாள். கேட்டதைக் கேட்டபடி கொடுக்கிற சாமி கருப்பனார். அவரைக் கரையேற்றிவிட்டார். அவளை அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ரிசல்ட் வந்த அன்று இருவரும் சிக்னல் கிடைக்கும் மேட்டில் பைக்கை நிறுத்திப் பார்த்தார்கள். அர்த்தனாரி பாஸ். கலைச்செல்வி ஒரு மார்க்கில் ஃபெயில்.

ஒரு மார்க். பத்து மார்க்கில் போயிருந்தால்கூட படிக்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஒரு மார்க்கில் போனால் எதைச் சொல்லித் தேற்றுவது? அவளுக்குக் காரணம் தெரியும், அதுதான் கொடுமை. சந்தேகமாக இருந்த நாலு கேள்விகளை அவள் காலியாக விட்டிருந்தாள். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக்கூடாது என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளிடம் சொன்ன வாய். குருட்டாம்போக்கில் வட்டத்தைக் கறுப்பாக்கக் கை வரவில்லை.

"உங்களுக்குத் தெரியாத கேள்விக்கெல்லாம் என்னங்க பண்ணுனீங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் 'இ' போட்டுட்டேன். தப்புக்கு மார்க் கொறைக்கமாட்டாங்க, எதையும் உடாதீங்கன்னு நீதானே சொன்னே?"

ஆமாம், அவள்தான் சொன்னாள். ஊருக்கு உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே.

அன்று பற்றியது வயிற்றெரிச்சல். சின்ன எரிச்சல் அல்ல, அடுப்பில் விறகு தள்ளத் தள்ள எரிகிற எரிச்சல். அவர் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்தால் எரிந்தது. அவர் சட்டைப்பையில் பரீட்சை எழுதிய அதே கறுப்புப் பேனா இருப்பதைப் பார்த்தால் எரிந்தது. வாட்ஸப் குரூப்பில் அவர் போட்டோவுக்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகளைப் பார்த்தால் எரிந்தது. அவர் குழம்பில் மட்டும் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுப் பார்த்தாள். அவர் அதையும் நல்லாயிருக்கு என்று சாப்பிட்டார். அதற்கும் எரிந்தது.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அதற்குமேல். பக்கத்து வீட்டுப் பாவாயி ஒரு பலாப்பழத்தோடு வந்து, "யானைக்கும் அடி சறுக்கும் கண்ணு" என்றாள். சக ஆசிரியர்கள் யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். போனில் அவள் அண்ணன் அதையே சொன்னான். ஆளுக்கொரு யானையைக் கொண்டுவந்து அவள் வாசலில் கட்டிவிட்டுப் போனார்களே தவிர, சறுக்கிய யானைக்கு எங்கே வலிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அர்த்தனாரி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருந்தால் நன்றாகச் சண்டை பிடித்திருக்கலாம். அவர் பேசவில்லை. அடுத்த பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான். இதுவும் போனால் வேலை போய்விடும். அந்தப் பரீட்சைக்கு அவளுக்காக விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். தினமும் சாயங்காலம் அவளுடைய புத்தகத்தைத் தூசி தட்டி வைத்துக்கொண்டு உட்காருவார்.

"வா புள்ள, இந்தத் தடவை நான் கேள்வி கேக்கறேன்."

"தலைவலிங்க."

இவர் கேட்டு நான் பதில் சொல்வதா? நான் ஊட்டிவிட்ட சோற்றைத் தின்று எனக்கே ஏப்பம் காட்டுகிறாரே என்று நினைத்துக்கொண்டு அவள் போய்ப் படுத்துக்கொள்வாள். தனியாகப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பக்கத்திலேயே அவர் முகம் வந்து நின்றது. மூன்று மாதமாக ஒரு பாடம் நகரவில்லை. அப்படியே போனால் இந்தப் பொறாமையே தன் வேலையைத் தின்றுவிடும் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்து என்ன பண்ண?

நேர்த்திக்கடனையும் தள்ளிக்கொண்டே வந்தாள். மிளகு பறிப்பு முடியட்டும் என்றாள். மிளகு காயட்டும் என்றாள். சேவல் கொழுத்து, வாலை நிமிர்த்திக்கொண்டு, அர்த்தனாரியின் வெற்றியைத் தானே எழுதி வாங்கிய மாதிரி வாசலில் உலாத்தியது. கடைசியில் பூசாரி சின்னையனே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, நடந்த காரியத்துக்கு நேர்த்தியைத் தள்ளிப்போடக் கூடாதுங்க. கருப்பனாரு பொல்லாதவருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனார்கள். பாவாயியும் பங்காளி வீடுகளில் நாலைந்து பேரும் கூட வந்தார்கள். கருப்பனாரின் வேலுக்கு முன்னால் சேவலை நிறுத்தினார் சின்னையன். மஞ்சள் தண்ணீரைத் தெளித்தால் அது தலையிலிருந்து வால்வரை சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். உதறாத சேவலின் மேல் கத்தி வைக்கமாட்டார்கள்.

"என்னத்துக்கு நேர்ந்ததுன்னு வாய்விட்டுச் சொல்லுங்க டீச்சரம்மா."

"நெனச்சது நடந்துருச்சுங்க" என்று முணுமுணுத்தாள் கலைச்செல்வி.

சின்னையன் தண்ணீர் தெளித்தார். சேவல் அசையவில்லை. மறுபடி தெளித்தார். கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் கலைச்செல்வியைப் பார்த்தது. செம்பிலிருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றினார். மூன்று மாதமாக ஒரு நிமிஷம் சும்மா நிற்காத சேவல், நனைந்த துணி மாதிரி நின்றது.

"யாரு மனசுலயோ கொறை இருக்குதுங்க" என்றார் சின்னையன். "சாமி தொடமாட்டேங்குது. கொறை இருக்கறவங்க சொல்லிப்போடுங்க."

கலைச்செல்விக்குக் காது சுட்டது. அப்போது அர்த்தனாரி முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

"கொறை எம்மேலதானுங்க. எனக்குச் சொல்லிக்கொடுத்தவ தோத்துட்டா, நான் மட்டும் தேறிட்டேன். இது நாயமில்லீன்னு எனக்கே மனசு ஒப்பல. அதுதான் சாமி தொடமாட்டேங்குது."

கூட்டம் உச்சுக் கொட்டியது. பாவாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "தங்கமான மனுசன்" என்றாள்.

கலைச்செல்விக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இங்கேயும் இவர்தானா பாஸ்? கேள்வி எனக்கு வந்தது, விடை எனக்குத்தான் தெரியும், இவர் குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டு இதிலும் மார்க் வாங்கிக்கொண்டு போவதா? இன்னொரு தடவை காலியாக விட அவள் தயாராக இல்லை.

"இல்லீங்க" என்றாள். குரல் வகுப்பறையில் வருகிற மாதிரி கணீரென்று வந்தது. "அவரு சொல்றது தப்பு. கொறை எங்கிட்ட இருக்குது. இவரு பாஸானது எனக்குப் பொறுக்கல சாமி. மூணு மாசமா வயிறு எரியுது. இவரு நல்லாத் தூங்கறதுகூடப் பொறுக்கல. இவரு மக்கு, எனக்கென்ன கொறைச்சல்னு நெனச்சுத்தான் இந்தச் சேவலை நேர்ந்தேன். நான் பாஸாகி இவரு தோத்திருந்தா, நானும் இப்பிடித்தான் கையைக் கட்டிக்கிட்டு நல்லவளா நின்னிருப்பேன்."

பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அர்த்தனாரி தலையைக் குனிந்துகொண்டார்.

சேவல் கொண்டையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. மஞ்சள் தண்ணீர் அவள் முகத்திலும் அவர் வெள்ளைச் சட்டையிலும் தெறித்தது.

சேவல்கறிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஓடையைத் தாண்டிய பிறகு அர்த்தனாரிதான் பேச்சை ஆரம்பித்தார்.

"என்னை மக்குன்னு நெனச்சது எனக்கு அப்பவே தெரியும் புள்ள."

"எப்படிங்க?"

"உனக்குன்னு ஒண்ணும் நேர்ந்துக்கலியே."

அவளுக்குச் சுருக்கென்றது. "கோவம் வரலீங்களா?"

"வந்துச்சு. நல்லாவே வந்துச்சு" என்றார். "பாஸானதும் போயிருச்சு."

அவள் நின்று அவரைப் பார்த்தாள். மீசைக்குள்ளே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அப்படியானால் இந்தத் தங்கமான மனுஷனும் முழுத் தங்கமில்லை. மூன்று மாதத்தில் முதல்முறையாக அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் சேவல் கூவவில்லை. இருவரும் நேரம் கழித்தே எழுந்தார்கள். அன்று சாயங்காலம் அர்த்தனாரி மிளகை மூட்டையில் அள்ளிக்கொண்டிருந்தபோது, கலைச்செல்வி புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள்.

"கேளுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு குழந்தை வளர்ச்சிப் பாடத்தைத் திறந்தார். ஒரு கேள்வியைக் கேட்க வாயெடுத்துவிட்டு நிறுத்தினார். சட்டென்று அடுத்த பக்கத்துக்குப் போனார்.

"ஒண்ணைத் தாண்டிட்டீங்க."

"அது வேண்டாம் புள்ள."

"வாத்தியார் கேள்வியைத் தாண்டக் கூடாதுங்க. படிங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தன்னோடொத்த குழந்தை பாராட்டப்படும்போது ஒரு குழந்தையிடம் எழும் மனவெழுச்சி எது? அ, அச்சம். ஆ, பொறாமை. இ, வியப்பு. ஈ, கூச்சம்."

"ஆ" என்றாள் கலைச்செல்வி.

"சரிதான்."

"அந்த ஒரு மார்க் வந்துருச்சு. அடுத்ததைக் கேளுங்க."