அவுட்டோ, இல்லையோ

சுலோஜனாவின் சுட்டுவிரல் பச்சை ஒட்டுத்தாள் ஒட்டிய விசையின்மேல் இருந்தது, பெருவிரல் சிவப்பின்மேல். பந்து வீசப்படுகையில் பச்சை. பிறகு ஓட்டங்களின் எண். விக்கெட் விழுந்தால் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடிதான். நாலாவது விநாடியில் திரையின் ஓரத்தில் மஞ்சள் பெட்டி ஒன்று சிமிட்டும். அறையின் மறுகோடியில் இருந்து மேற்பார்வை செய்யும் ஐங்கரனின் திரையிலும் அது சிமிட்டும்.

காலை ஏழரை மணி. பிராங்பேர்ட்டின் கைத்தொழிற் பேட்டையில், அந்த மூன்றாம் மாடி அறையில் பதினெட்டுப் பேர் ஆளுக்கொரு திரைக்கு முன்னால் குனிந்திருந்தார்கள். எங்கோ நடக்கும் ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து எண்களை அழுத்துவதுதான் அவர்களுடைய வேலை. அந்த எண்கள் பந்தயக் கம்பனிகளுக்குப் போகும்.

சுலோஜனாவுக்குக் கிடைத்திருந்தது இந்து சமுத்திரத்துச் சின்னத் தீவு நாடுகளின் பெண்கள் கிரிக்கெட் போட்டி. இன்று மூன்றாம் நாள். கம்பம் ஒன்றில் கட்டிய ஒற்றைக் கமரா. வர்ணனை கிடையாது, காற்றின் இரைச்சலும் ஜெனரேற்றரின் உறுமலும் மட்டுமே காதில் விழுந்தன. தொலைக்காட்சி எதிலும் இது போகவில்லை. இந்தப் படம் வந்து சேர்ந்த ஒரே இடம் அவளுடைய மேசை.

பதினொரு வருடம் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கி முதுகெலும்பில் சவ்வு விலகிய பிறகு, இருந்து செய்யக்கூடிய வேலையாக இது அகப்பட்டது. தமிழ் விளையாட்டுக் கழகத்தின் ஆட்டங்களுக்கு அவள்தான் கணக்கெழுதுபவள் என்பதால் சோதனையில் முதலாவதாக வந்தாள். புறோபெசைற் எனும் ஆறு மாதப் பரீட்சைக் காலம் முடிய இன்னும் நாலு நாள். அது முடிந்தால் நிரந்தர ஒப்பந்தம். அந்தக் கடதாசியைக் காட்டினால்தான் பக்கத்து நகரமான ஒஃபன்பாகில் பார்த்து வைத்த இரண்டறை வீட்டைத் தருவார்கள். அவளும் மகள் கவிசாவும் மூன்று வருடமாக உறவினர் வீட்டில் ஒரே அறையில் இருக்கிறார்கள்.

செம்மஞ்சள் சட்டை அணியின் பதினான்காம் இலக்கக்காரி பந்து வீச வந்தாள். லினெட் என்று பட்டியலில் பெயர் இருந்தது. இருபது வயதிருக்கலாம். மூன்று நாளில் சுலோஜனாவுக்கு அவளை நன்றாகப் பிடித்துப்போயிருந்தது. பிடி தவறவிட்ட தோழியைக்கூட ஓடிப்போய் முதுகில் தட்டிவிட்டு வருவாள். சிரித்தால் கமராவின் தூரத்துக்கும் பல் தெரியும்.

பச்சை.

துடுப்பாட்டக்காரி முன்னால் இறங்கி நேராக ஓங்கி அடித்தாள். பந்து போனதைச் சுலோஜனா காணவில்லை. லினெட்டின் தலை ஒருபக்கம் வெடுக்கென்று திரும்பியதைத்தான் கண்டாள். பந்து அவளுடைய நெற்றிப்பொட்டில் பட்டு மேலே எழும்பியது. பக்கத்தில் நின்றவள் பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் அதைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். பந்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

லினெட் முழங்காலில் விழுந்து, பிறகு முகங்குப்புறச் சரிந்தாள். கைகளை ஊன்றவேயில்லை.

மஞ்சள் பெட்டி சிமிட்டியது. சுலோஜனாவின் விரல்கள் விசைகளின்மேலேயே இருந்தன, ஆனால் அவை தன்னுடைய விரல்கள் போலவே அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, என்ன நடந்தது? அழுத்துங்கோ." ஐங்கரன் தன் மேசையிலிருந்து குரல் கொடுத்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், முப்பது வயது, காலை வேலைமுறைக்குப் பொறுப்பாளன்.

"பிள்ளை விழுந்திட்டுது, தம்பி."

"எந்தப் பிள்ளை?"

"பந்து போட்ட பிள்ளை. தலையில பட்டிட்டுது. எழும்புதில்லை."

அவன் எழுந்து வந்து அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்தான். செம்மஞ்சள் சட்டைகள் வட்டமாகக் குனிந்து நின்றன. யாரோ தண்ணீர்ப் போத்தலோடு ஓடினார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட நடுவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கடவுளே," என்றான் ஐங்கரன். பிறகு அவனுடைய கைக்கணினி தொடர்ந்து மணியடித்தது. அவன் அதைப் பார்த்தான். "அவுட்டோ இல்லையோ எண்டு கேக்கிறாங்கள். மூண்டு கம்பனியும் கேக்குது."

"அந்தப் பிள்ளைக்கு என்னெண்டு கேக்கேல்லையோ?"

"அக்கா, பந்து நிலத்தில படேல்லைத்தானே? பிடிச்சவதானே?"

"அம்புலன்ஸ் ஒண்டும் வரக் காணேல்லை. ரெண்டு நிமிசமாகுது. அங்க ஆருக்காவது போன் எடுங்கோ."

"படம் நிண்டால் மட்டுந்தான் எடுக்கலாம். உங்களுக்குத் தெரியும்தானே. ஆட்டம் நடக்கேக்க மைதானத்தோட கதைச்சால் சூதெண்டு எழுதிப்போடுவாங்கள்."

அவன் குனிந்து தானே சிவப்பை அழுத்தினான். எப்படி ஆட்டமிழந்தார் என்று திரை கேட்டது. பிடி. யாருடைய பந்து? பதினான்கு. மஞ்சள் பெட்டி மறைந்தது.

சுலோஜனா காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். எழும்பி ஐங்கரனின் மேசைக்கு நடந்தாள். படம் நின்றால் எடுப்பதற்கான இலக்கம் தொலைபேசியின் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அவள் ஒவ்வொரு எண்ணாக அழுத்தும்போது மற்றவர்கள் தங்கள் திரைகளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அக்கா, வேண்டாம். வைச்சிடுங்கோ, அக்கா!"

மறுமுனையில் கமராக்காரர் எடுத்தார். படம் வரவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். படம் வருகிறது, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று சுலோஜனா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

கண் திறந்திருக்கிறது, ஆனால் ஆட்டம் பார்க்க வந்த தாய்க்காரியையே அடையாளம் தெரியவில்லை என்றார் அவர். முதல்நாள் அமைச்சர் வந்தபோது அம்புலன்ஸ் நின்றதாம், அடுத்தநாள் கொண்டுபோய்விட்டார்களாம். ஸ்கான் எடுக்கும் ஆஸ்பத்திரி பெரிய தீவில். கப்பல் இரண்டு மணிக்கு.

"நீங்கள் யார்? சொந்தக்காரரா?" என்று அவர் கேட்டார்.

"நான் பார்த்தனான்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது திரையில் அணியின் வாகனம் மைதானத்துக்குள் நின்றது. பின் இருக்கையைக் கழற்றிப் புல்லில் போட்டிருந்தார்கள். நாலு பேர் லினெட்டைத் தூக்கினார்கள். ஒரு சப்பாத்து கழன்று விழுந்தது; யாரும் அதைக் கவனிக்கவில்லை. வாகனம் போன பிறகு நடுவர் வந்து அந்தச் சப்பாத்தை எல்லைக் கயிற்றுக்கு வெளியே வைத்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தார். ஓவரை முடிக்க வேறொருத்தி பந்தை வாங்கினாள். அவள் அழுதுகொண்டிருந்தது தோள்களின் குலுக்கத்தில் தெரிந்தது.

சுலோஜனாவின் கதிரையில் அதற்குள் வேறொருவர் இருந்தார்.

பதினொரு மணிக்கு ஆளணிப் பகுதிக்குக் கூப்பிட்டார்கள். நரைமுடியைக் கட்டையாக வெட்டிய ஜேர்மன் பெண் ஒருவர் கடதாசியைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். ஆட்டம் நடக்கும்போது மைதானத்தோடு அனுமதியற்ற தொடர்பு. உங்களை ஒருவரும் சந்தேகிக்கவில்லை என்று அந்தப் பெண் மென்மையாகவே சொன்னார். ஆனால் விக்கெட் பதிவாகிய அடுத்த நிமிடமே இங்கிருந்து அழைப்புப் போயிருக்கிறது, அதை வாடிக்கையாளர்கள் பார்ப்பார்கள். பரீட்சைக் காலம் என்பதால் காரணம் எழுதவும் தேவையில்லை. கையெழுத்து இங்கே.

"அந்தப் பிள்ளையைப் பற்றி ஏதாவது தெரியுமா?" என்று சுலோஜனா ஜேர்மனில் கேட்டாள்.

அந்தப் பெண் கடதாசியை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "எந்தப் பிள்ளை?"

ஐங்கரன் அவளுடைய பையையும் மழைச்சட்டையையும் மின்தூக்கி வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தான். "நான் சொன்னனான்தானே, அக்கா," என்றான். அவனுடைய கண்கள் தரையிலேயே இருந்தன. "எனக்கும் ரெண்டு பிள்ளையள்."

"ஓம், தம்பி," என்றாள் அவள். "ரெண்டு மணிக்குத்தான் கப்பலாம்."

கீழே வரவேற்புக் கூடத்தில், வாடிக்கையாளர்கள் பார்ப்பதற்கென்று சுவரளவு திரை ஒன்று இருந்தது. உலகத்து ஆட்டங்களெல்லாம் அதில் வரிவரியாக ஓடின. நுழைவு அட்டையை வாங்குபவர் தொலைபேசியில் இருந்ததால் சுலோஜனா அதன் முன்னால் காத்து நின்றாள். தீவுகளின் வரி வந்தது. ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. லினெட், ஒரு விக்கெட். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்று ஒளிர்ந்தது: களத்தில்.