முன் வரிசையில் டோவா

1
இந்தக் கதை சிகிச்சை மேசையில் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்பனில் என் முழங்காலைச் சரிசெய்கிற பிசியோதெரபிஸ்ட் டோவா ஸில்பர்மன், காலை மடக்கி நீட்டியபடியே சொன்னாள். எழுதட்டுமா என்றேன்.

"எழுது. ஆனா கதையில என்னை அழ வச்சிடாதே. நான் அழலே."

'யூத வெறுப்பு இன்று பொதுவெளியில் சகஜமாகி' என்று தொடங்கி, அடித்துவிட்டேன். அது கட்டுரை. டோவா யூதப் பெண், வட்டாரப் பாடகர் குழுவில் பாடுகிறவள். குழுவிலேயே குள்ளம், அதனால் எப்போதும் முன் வரிசை.

2
யூதர்களைப் பற்றி மோசமாகப் பேசுகிறவர்கள் முன்பெல்லாம் குரலைத் தாழ்த்துவார்கள். ஒத்திகைக்கு நடுவே தேநீர் குடிக்கையில், கூடப் பாடும் லொரெய்ன் தாழ்த்தவில்லை.

"பேங்க், டிவி எல்லாம் அவங்க கையிலதானே?" சர்க்கரை கேட்கிற குரல். இரண்டு பேர் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற டோவாவைப் பார்த்ததும், "உன்னைச் சொல்லலைடி, நீ நம்ம ஆளு."

(லொரெய்னைக் கொடியவளாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. டோவாவின் கணவர் இறந்தபோது தினமும் சூப் கொண்டுவந்தவள் அவள். அதுதான் கஷ்டம்.)

3
கச்சேரிக்கு முந்தைய ஒத்திகையில் குழுவை நடத்தும் கிரேம் அவளைத் தனியே கூப்பிட்டார். அவள் கழுத்துச் சங்கிலியில் சின்னதாக ஆறுமுனை நட்சத்திரம், யூதர்களின் அடையாளம்.

"அன்னிக்கு மட்டும் அதைக் கழட்டிடேன், டோவா. உன் பாதுகாப்புக்குத்தான்."

"யார்கிட்டேருந்து?"

கிரேம் இசைத்தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

4
சங்கிலியோடுதான் வந்தாள். மேடையில் எல்லாரும் வரிசையில் நின்றபின், மூடியிருந்த திரைக்குப் பின்னால், கிரேம் மெதுவாகச் சொன்னார்: "பின் வரிசைக்குப் போயிடேன். நீ கொஞ்சம் உயரமாத் தெரியறே."

(இங்கே வாசகர் சிரிக்கலாம். மேடையில் யாரும் சிரிக்கவில்லை.)

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவளைப் பின்னால் அனுப்பினேன். முதுகுகளைப் பார்த்துப் பாடினாள். இன்னொன்றில் லொரெய்ன் சண்டை போட்டாள், கைதட்டல்கூட எழுதினேன். இரண்டும் பொய். நடந்தது இதுதான்: "என் இடம் இது, கிரேம்" என்று டோவா நின்றாள். லொரெய்ன் வாயைத் திறந்தாள், பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தாள். திரை விலகியது. பாடினார்கள். நன்றாகவே பாடினார்களாம்.

அடுத்த வாரம் டோவா ஒத்திகைக்குப் போனாளா? அதை நான் எழுதப்போவதில்லை. எல்லாரும் அவள் என்ன செய்தாள் என்றுதான் கேட்கிறார்கள், மற்றவர்களைப் பற்றிக் கேட்பதில்லை. முப்பது பேர் நின்ற மேடை அது. திரையை மறுபடி மூடிவிடுகிறேன். கிரேம் இப்போதுதான் அதைச் சொல்லி முடித்தார். நீங்கள் அவளுக்கு இடப்பக்கம் நிற்கிறீர்கள். பாட்டு தொடங்க இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. நீங்கள்...